பத்துச் சென்ட் காணியும் கௌரியம்மாவும்

(தோட்ட மாதர் தலைவிகளுக்கான வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பத்துச் சென்ட் என்பது கேரளத்துக் கணக்கு. நம் கணக்கில் அது பதினாறு பேர்ச்சஸ். ஓர் ஏக்கரை நூறாகப் பிரித்தால் சென்ட், நூற்றறுபதாகப் பிரித்தால் பேர்ச்சஸ். தோட்டத்தில் வீட்டுக்கென்று நமக்குப் பேசப்பட்டது ஏழு பேர்ச்சஸ். அதற்கே எத்தனை வருடம் கூட்டம் போட்டோம், எத்தனை மகஜர் கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளுக்குப் பதினாறு பேர்ச்சஸ் வரை சட்டப்படி சொந்தமாக வழி திறந்ததில் முன்னின்ற ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பெயர் கே. ஆர். கௌரி. கேரள மக்கள் கௌரியம்மா என்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் காணி கொடுக்கவில்லை. அது ஏன் என்பதையும் பேசுவோம். புகழ்ந்துவிட்டுக் கலைந்து போக நாம் இங்கே கூடவில்லை.

கௌரியம்மா பிறந்தது 1919 ஜூலை 14ஆம் திகதி, ஆலப்புழைப் பக்கம், சேர்த்தலைத் தாலுகாவில் உள்ள பட்டணக்காட்டில். ஈழவர் சமூகம். தென்னை, கள், கயிறு என்று உழைத்த சமூகம். கோயிலுக்குள் போவது இருக்கட்டும், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே விடாத காலம் அது. வைக்கத்தில் அந்தத் தெருவுக்காக 1924இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் சிறை போன போராட்டம். வைக்கம் இவர்களுக்குத் தூரத்து ஊர் இல்லை, காயலுக்கு அந்தக் கரை. கௌரி அப்போது கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சிறுமி.

குடும்பம் வசதியானது. அதை மறைக்க வேண்டியதில்லை. வசதி இருந்ததால் படிக்க முடிந்தது. எர்ணாகுளத்தில் மகாராஜாஸ் கல்லூரி, பிறகு புனித தெரேசா கல்லூரி, அதன் பிறகு திருவனந்தபுரத்தில் சட்டம். தன் சமூகத்தில் சட்டம் படித்த முதல் பெண் அவர். படித்து முடித்துப் பட்டணத்தில் தங்கிவிடாமல் சேர்த்தலைக்கே திரும்பி வந்து வக்கீல் வேலை பார்த்தார். அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்கத்துக்காரர். வீட்டிலேயே சங்கப் பேச்சு இருந்தது.

அந்தச் சேர்த்தலைத் தாலுகாவில்தான் வயலார் இருக்கிறது. 1946இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர், வயல் கூலிகள், மீன்பிடிக்கிறவர்கள் திவான் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். பட்டாளம் சுட்டது. செத்தவர்களின் கணக்கை இன்றுவரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கில் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. கௌரி கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தது அந்தப் புகை அடங்காத நாட்களில். 1948இல் திருவிதாங்கூர் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கட்சி வேட்டையாடப்பட்ட காலத்தில் சிறையும் கண்டார். 1952இலும் 1954இலும் திருவிதாங்கூர் கொச்சி சட்டசபைக்கு வென்று வந்தார்.

மலையாளம் பேசும் பகுதிகளைச் சேர்த்து 1956 நவம்பரில் கேரள மாநிலம் உண்டானது. 1957 தொடக்கத்தில் முதல் தேர்தல். 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சி 60 இடம் பிடித்தது. கட்சி ஆதரித்த சுயேச்சைகள் ஐந்து பேர். 65 பேரை வைத்துக்கொண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் அரசு அமைத்தார். அமைச்சர்கள் பதினொரு பேர். அதில் பெண் ஒருவர்தான்.

அந்த ஒரு பெண்ணுக்கு எந்தத் துறை கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வழக்கமாகப் பெண் ஒருவர் அமைச்சரவைக்கு வந்தால் மாதர் நலம், சிறுவர் நலம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அவையும் வேண்டிய துறைகள்தான், ஆனால் பணமும் காணியும் அங்கே இருக்காது. கௌரியம்மாவுக்குக் கொடுத்தது வருவாய்த் துறை. நம் நாட்டு வழக்கில் சொன்னால் காணி அமைச்சு. கிராமத்து நில அதிகாரி முதல் கலெக்டர் வரை அந்தத் துறைக்குக் கீழே. மாநிலத்திலேயே பெரிய சண்டை எங்கே நடக்கப் போகிறதோ, அந்த இடத்தில் முப்பத்தேழு வயதுப் பெண்ணைக் கொண்டு போய் உட்கார வைத்தார்கள்.

பதவியேற்று ஆறாம் நாள், ஏப்ரல் 11ஆம் திகதி, ஓர் அவசரச் சட்டம் வந்தது. யாரையும் காணியை விட்டு வெளியேற்றக் கூடாது. குத்தகைக்கு உழுகிறவன், அடுத்தவர் நிலத்தில் குடிசை கட்டி இருக்கிறவன், இவர்களை வெளியேற்றப் போட்ட வழக்குகளும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அந்தச் சட்டம்.

இதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். காணிச் சீர்திருத்தம் வரப்போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் காணிக்காரன் என்ன செய்வான்? சட்டம் வருவதற்கு முன்பே ஆட்களைக் கிளப்புவான். நாளைக்குச் சட்டம் வந்து, "உழுகிறவனுக்கே நிலம்" என்று சொன்னால், இன்று ராத்திரியே உழுகிறவனை இல்லாமல் செய்துவிட வேண்டும் அல்லவா? குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டால் அங்கே குடிசை இருந்ததற்கு யார் சாட்சி? அதனால்தான் முதலில் கதவை அடைத்தார்கள். இருக்கிறவன் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், மற்றதைப் பிறகு எழுதுவோம் என்று. வக்கீலாகக் கோர்ட்டில் நின்றவருக்குத்தான் இந்த வரிசை தெரியும்.

பெரிய சட்டம், விவசாய உறவுகள் மசோதா, அந்த வருடக் கடைசியில் சபைக்கு வந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம் என்ற உச்ச வரம்பு, குத்தகைக்காரனுக்கு நிரந்தர உரிமை, விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை, வழக்குகளை விசாரிக்கத் தனியாக நில நியாயசபைகள். குத்தகையில் பாதி வாய்ப்பேச்சு. கையில் துண்டுக் காகிதம் இல்லாதவன் எப்படி நிரூபிப்பான்? ஆகவே, காகிதம் இல்லை என்பதற்காக உழைத்தவனைத் தள்ளிவிடாதபடி வாசகங்களை அமைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசகத்துக்கும் சபையில் மல்லுக்கட்டு. எதிர்ப்பக்கம் பெரிய வக்கீல்கள் எல்லாம் இருந்தார்கள். கௌரியம்மா கோபக்காரர், சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுப்பார் என்று பேர் வாங்கியதும் அங்கேதான். ஆண் பேசினால் உறுதி, பெண் பேசினால் வாய். நம் கமிட்டிகளிலும் இந்தக் கணக்கு உண்டு.

1959 ஜூன் 10ஆம் திகதி மசோதா நிறைவேறியது. அதற்குள் வெளியே "விமோசன சமரம்" என்ற பெயரில் பெரிய கிளர்ச்சி மூண்டுவிட்டது. கல்விச் சட்டத்தை எதிர்த்துக் கிறிஸ்தவச் சபைகள், நாயர் சங்கம், காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லாம் ஒன்று கூடின. காணி போகும் என்ற பயமும் அதற்குள் இருந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், அந்தப் பக்கத்தில். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஜூலை 31ஆம் திகதி மத்திய அரசு கேரள ஆட்சியைக் கலைத்தது. சட்டமாகாத மசோதா டில்லியில் கிடந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மசோதா திரும்பி வந்தது, மாற்றினார்கள், 1961இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. 1963இல் காங்கிரஸ் ஆட்சி இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. பல் குறைந்த சட்டம். 1967இல் ஈ. எம். எஸ். மறுபடி முதலமைச்சர், கௌரியம்மா மறுபடி வருவாய்த் துறை. 1969இல் அந்தப் பல் குறைந்த சட்டத்துக்குப் பலமான திருத்தம் நிறைவேறியது. நிறைவேறிய கையோடு அந்த ஆட்சியும் விழுந்தது! 1970 ஜனவரி 1ஆம் திகதி அது அமுலுக்கு வந்தபோது முதலமைச்சர் அச்சுத மேனன், வேறு கூட்டணி. யார் கொடுத்தது என்று இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்றுவரை வாதாடுகின்றன. எழுதியவருக்கும் பங்குண்டு, அமுல்படுத்தியவருக்கும் பங்குண்டு, வேலிக்குள் இறங்கிக் குடிசைக்குச் சுற்றிப் பத்துச் சென்ட்டை அளந்து எடுத்துக்கொண்ட மக்களுக்கும் பங்குண்டு. கட்சிக்காரர்கள் சண்டை போடட்டும்.

அந்தக் குடிசைக்காரர்களுக்குக் கேரளத்தில் "குடிகிடப்புக்காரர்" என்று பெயர். காணிக்காரனின் தென்னந்தோப்பில் ஓர் ஓரத்தில் ஓலைக் குடிசை. கூப்பிட்ட நேரத்தில் வேலைக்குப் போக வேண்டும். மகள் கல்யாணத்துக்குக் கூட அவனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். முறைத்துப் பார்த்தால் குடிசை போய்விடும். 1970க்குப் பிறகு, கிராமத்தில் பத்துச் சென்ட், சிறு நகரத்தில் ஐந்து, பெரிய நகரத்தில் மூன்று சென்ட் வரை, சந்தை விலையில் ஒரு சிறு பங்கைத் தவணையாகக் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றானது. குத்தகை முறையும் அன்றோடு ஒழிந்தது. பத்துச் சென்ட்டில் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. நாலு தென்னை, ஒரு பலா, ஒரு பசு. ஆனால் கூலி குறைவு என்றால் "வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்க ஓர் இடம் இருந்தது. கேரளத்துக் கூலிக்காரர்கள் கூலிக்குப் பேரம் பேசத் துணிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் அபிப்பிராயம்.

குடியிருப்பும் வேலையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரைப்பேர் போட்டால் கூட, "லயத்தில் இருக்கிறோமே" என்று வாயை மூடிக்கொண்ட நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு.

இனி அவருடைய மற்ற வாழ்க்கை. 1957 மே மாதத்தில் உடன் அமைச்சராக இருந்த டி. வி. தோமஸை மணந்தார். அவர் ஆலப்புழைத் தொழிற்சங்கத் தலைவர், தொழில் அமைச்சர். 1964இல் கட்சி இரண்டாக உடைந்தது. கணவர் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள், ஆளுக்கொரு கட்சிக்காக. குடும்பம் ஒட்டவில்லை. கேரளத்தில் இதைப் பற்றிக் கதை கதையாகப் பேசுவார்கள். தோமஸைப் பற்றிப் பேசும்போது சங்கத்தைப் பேசுகிறார்கள், கௌரியம்மாவைப் பற்றிப் பேசும்போது கல்யாணத்தைப் பேசுகிறார்கள். நாம் இதோடு விட்டுவிடுவோம்.

1987 தேர்தலில் இடது முன்னணி வென்றால் கௌரியம்மாதான் முதலமைச்சர் என்று ஊரெல்லாம் பேச்சு. கோஷமே போட்டார்கள். வென்ற பிறகு முதலமைச்சரானவர் ஈ. கே. நாயனார். கௌரியம்மாவுக்குக் கைத்தொழில் துறை. 1994இல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. அப்போது வயது எழுபத்தைந்தை நெருங்கிவிட்டது. அந்த வயதில் சனநாயகப் பாதுகாப்புச் சமிதி என்று சொந்தமாக ஒரு கட்சி தொடங்கி, எந்தக் காங்கிரஸை வாழ்நாளெல்லாம் எதிர்த்தாரோ அதே காங்கிரஸின் கூட்டணியில் சேர்ந்து, 2001 முதல் 2006 வரை விவசாய அமைச்சராகவும் இருந்தார். இது எங்களுக்கு உவப்பான பகுதி இல்லை. ஆனால் முதுகில் குத்துப்பட்ட ஆண் தலைவர் கட்சி மாறினால் "அரசியல்" என்று சொல்லிவிட்டுப் போகிற உலகம், பெண் மாறினால் "பிடிவாதம்" என்றது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் மறையும் வரை கேரளத்துக்கு ஒரு பெண் முதலமைச்சர் வரவில்லை.

அவருடைய அரசியல் வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பதவியில் இல்லாத ஒரு நாள். 1975இல் கேரளத்தில் ஒரு சட்டம் செய்திருந்தார்கள்: ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய காணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. இருபது வருடம் அதை எந்த அரசும் ஒழுங்காக அமுல்படுத்தவில்லை. நீதிமன்றம் நெருக்கியபோது, 1996இல், திருப்பிக் கொடுக்கவே வேண்டாம் என்ற மாதிரி ஒரு திருத்தத்தைச் சபைக்குக் கொண்டு வந்தார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் கை கோத்து நின்றன. 140 பேர் கொண்ட சபையில் எதிர்த்தவர் ஒருவர். கௌரியம்மா. குடியேறிய விவசாயிகளின் வாக்கு எல்லோருக்கும் வேண்டும், ஆதிவாசியின் வாக்கு எத்தனை? அந்தக் கணக்கைப் போடாத ஒரே ஆள் அவர்தான். அதே கௌரியம்மா அமைச்சராக இருந்த ஆட்சியில், 2003இல், வயநாட்டு முத்தங்காவில் காணி கேட்டுக் காட்டுக்குள் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது போலீஸ் சுட்டது. இரண்டும் ஒரே வாழ்க்கையில் நடந்தவை.

இப்போது தோட்டத்துக்கு வருவோம்.

1957 மசோதாவிலேயே தேயிலை, கோப்பி, இறப்பர் தோட்டங்களுக்கு உச்ச வரம்பிலிருந்து விலக்கு இருந்தது. 1963 சட்டத்திலும் இருந்தது, 1969 திருத்தத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. தோட்டம் ஒரு கைத்தொழில், பிரித்தால் ஏற்றுமதி கெடும், வேலை போகும் என்றார்கள். வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களைத் தேசியமயமாக்குவோம் என்று 1957 தேர்தலில் சொன்ன கட்சியாலும் அதைச் செய்ய முடியவில்லை. டில்லி விடவில்லை என்பது உண்மை. ஆனால் தோட்டத்தைப் பிரிக்காமலே லயம் நிற்கும் நிலத்தை மட்டும் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி நிற்கிறது. தென்னந்தோப்புக் குடிசைக்காரனுக்குப் பத்துச் சென்ட். தேயிலைத் தோட்டத்து லயக்காரனுக்கு ஒன்றுமில்லை. இருவரும் செய்தது கூலி வேலைதான்.

லயக்காரர்களின் வாக்கு அந்த அரசுக்கு வேண்டாமலா இருந்தது? மூணாறு இருக்கும் தேவிகுளம் தொகுதியில் 1957இல் கம்யூனிஸ்ட் கட்சிக்காக வென்றவரும் ஒரு பெண், ரோசம்மா புன்னூஸ். கேரளச் சட்டசபையில் முதன்முதலாகப் பதவிப் பிரமாணம் எடுத்து, தற்காலிகச் சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்குப் பிரமாணம் செய்வித்தவர் அவர்தான். எதிர் வேட்பாளர் ஒருவரின் மனுவைத் தவறாகத் தள்ளினார்கள் என்று அந்தத் தேர்தல் செல்லாது என்றானது. 1958இல் இடைத்தேர்தல். 65 பேரில் நிற்கிற அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். வாக்காளர்களில் பெருந்தொகையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அவர்களிடம் மலையாளத்தில் பேசி என்ன பயன்? பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்தார், இளையராஜாவின் அண்ணன். தமிழ்ப் பாட்டிலேயே பிரசாரம் செய்தார். நம் மீனாட்சியம்மை, நடேசய்யரின் துணைவியார், தோட்டம் தோட்டமாகப் பாடிச் சங்கம் வளர்த்தவர் நினைவுக்கு வருகிறாரா? அதே வழிதான். ரோசம்மா மறுபடி வென்றார், அரசும் தப்பியது.

அதே 1958 அக்டோபரில் மூணாறில் தோட்ட வேலைநிறுத்தம். தொழிலாளர் வாக்கில் பிழைத்த அரசின் போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். முல்லோயா கோவிந்தன் பெயரைச் சொல்லி வளர்ந்த நமக்கு, எந்தக் கொடியின் கீழ் நின்று சுட்டாலும் குண்டு குண்டுதான் என்று தெரியும்.

காணிச் சட்டத்தில் பெண்ணின் கை என்றால் நமக்கு இன்னொருவரின் ஞாபகமும் வராமல் இருக்காது. உலகின் முதல் பெண் பிரதமர் நம் நாட்டில்தான் 1960இல் வந்தார். 1964இல் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்து நம்மைப் பங்கு பிரித்தவர் அவர். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினரைக் கேரளத்திலும் குடியேற்றினார்கள். புனலூர்ப் பக்கத்தில் அதற்கென்றே அரசு இறப்பர்த் தோட்டம் போட்டது, நம் சொந்தக்காரர்கள் இன்றும் அங்கே பால் வெட்டுகிறார்கள். 1972 காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததும் அவருடைய ஆட்சியில். உச்ச வரம்பு 50 ஏக்கர். காகிதத்தில் பார்த்தால் கேரளத்தை விடத் துணிச்சலானது, தோட்டங்களையும் தொட்டது. ஆனால் அந்தக் காணியைப் பெறும் ஆட்களின் பட்டியலில் நாம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் பிரஜைகளே இல்லை என்று 1948இல் எழுதி வைத்துவிட்டார்களே. வெளியேற்றத் தடை என்று முதலில் கதவை அடைக்க இங்கே ஒரு கௌரியம்மா இல்லை. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள், எழுபதுகளின் பஞ்சத்தில் தெருவில் விழுந்தவர்கள் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிக்க வந்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தது 1977 மே 11. கௌரியம்மா இறந்த திகதியும் மே 11தான். வருடா வருடம் அந்த நாளை அனுசரிக்கிறவர்களுக்குச் சட்டென்று மனதில் படும், அதனால் சொன்னோம்.

ஆகவே பெண் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. உட்கார்ந்தவர் எந்த வாசகத்தை எழுதுகிறார், எந்த விலக்கை விட்டுவைக்கிறார் என்று பார்க்க வேண்டும். 2024 தேர்தலில் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். இவ்வளவு காலம் கழித்தாவது போனார்கள். அவர்களிடமும் நாம் கேட்கப் போவது இதைத்தான்.

மூணாறுக்குத் திரும்புவோம். 2015 செப்டெம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைந்தபோது கொழுந்தெடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கி உட்கார்ந்தார்கள். கட்சிக்காரர், சங்கத் தலைவர், எந்த ஆணும் பக்கத்தில் வரக் கூடாது என்றார்கள். "பொம்பிளை ஒற்றுமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸை வாங்கினார்கள். ஒரு தொழிற்சங்க மேடையில் நின்று இதைச் சொல்வது எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. சந்தா வாங்கிக்கொண்டு, பெண்களை ஊர்வலத்துக்கு மட்டும் கூப்பிட்டு, பேச்சுவார்த்தை மேசைக்கு ஆண்களை அனுப்பும் எந்தச் சங்கமும் அந்தச் செய்தியை ஒரு தடவை உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். எல்லாம் தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை நம் மீரியபெத்தையில் நடந்தது போலவே. ஆபத்தான இடம் என்று தெரிந்தும் ஏன் அங்கே இருந்தார்கள் என்று வெளியிலிருந்து கேட்கிறவர்கள் உண்டு. வேறு எங்கே போவது? சொந்தக் காணி உள்ளவன் வீட்டை மாற்றிக் கட்டலாம். லயத்துக்காரன் லயத்தில்தான் இருக்க வேண்டும். தேயிலை, கோப்பி, இறப்பர் என்று 1957இல் எழுதிய அந்த விலக்கு பெட்டிமுடி வரைக்கும் வந்தது. கௌரியம்மா அப்போது உயிரோடு இருந்தார், நூற்றியொரு வயது. அடுத்த வருடம் திருவனந்தபுரத்தில் காலமானார். ஆலப்புழையில், பழைய தோழர்கள் கிடக்கும் வலிய சுடுகாட்டில் தகனம் செய்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தலைவியும் தன் தோட்டத்தில் வீடு கிடைத்த குடும்பங்களின் காகிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அது காணி உறுதியா, அனுமதிப்பத்திரமா, வீடு ஒப்படைத்த கடிதம் மட்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பேர்ச்சஸ் கணக்கு எழுதியிருக்கிறதா என்றும் பார்ப்போம். யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம்: புருசன் பெயரிலா, இருவர் பெயரிலுமா. காகிதமே இல்லாத குடும்பங்கள் லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள் என்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுங்கள். மண் சரிவு அபாயம் என்று அறிவித்த லயமானால் அதையும் தாளின் மேலேயே குறித்துக் கொண்டு வாருங்கள்.